பேர், அப்பா பேர், அங்க அடையாளம்

பிப்ரவரி 10, திங்கள்
வலி: 6

பிசியோதெரபி பெண் இந்த நோட்டைக் கையில் கொடுத்துவிட்டாள். "தினமும் வலி எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் போடுங்க மேடம். அன்னைக்கு என்னென்ன செஞ்சீங்கன்னும் எழுதுங்க. எதனால கூடுது, எதனால குறையுதுன்னு பாக்கணும்" என்கிறாள். என் பெண் வயசுதான் இருக்கும். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

திருடனைத் துரத்தும்போது முழங்கால் போனது என்று எழுத ஆசைதான். ஜீப்பிலிருந்து இறங்கும்போது கால் தவறி, ஆபரேஷன் வரை போய்விட்டது, அவ்வளவே. இருபத்தொரு வருஷ சர்வீஸ், தலைமைக் காவலர் மங்கையர்க்கரசி, ஊருக்கெல்லாம் ஏட்டம்மா. இப்போது "லைட் டியூட்டி". பாறைக்குளம் காலனியில் கெட்டுப்போகும் பிள்ளைகளைத் திருத்த ஒரு டிரஸ்டோடு சேர்ந்து மையம் ஆரம்பித்திருக்கிறார்களாம். அங்கே போகச் சொல்லிவிட்டார் இன்ஸ்பெக்டர்.

"சும்மா போய் உக்காந்து யார் யாரு வர்றாய்ங்கன்னு பாத்துக்கங்க ஏட்டம்மா. ரெஸ்ட் மாதிரிதான்."

மையம் என்பது பஞ்சர் கடை மாடியில் ஓர் அறை. பதினாலு படி. ரெஸ்ட்டாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்
வலி: 7 (படி)

டிரஸ்டின் ஆளைப் பார்த்தேன். ஆள் என்றால் ஒரே ஆள்தான். குருவம்மாள், முப்பத்திரண்டு வயது, ஒல்லி. டிவிஎஸ் எக்ஸெல்லின் பின்னால் ஒரு கேரம் போர்டைச் சைக்கிள் டியூபால் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். என் காக்கியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, நாளைக்கு இந்தச் சட்டை மட்டும் வேணாமே."

"இது சட்டை இல்லம்மா, யூனிபார்ம்."

"அதாங்க்கா வேணாங்கிறேன்."

வாய்க்கொழுப்பு. இன்று ஒரு பிள்ளையும் வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்
வலி: 5

சேலையில் போனேன். அறையில் உட்காரவே இல்லை. "அவய்ங்க இங்க வர மாட்டாய்ங்கக்கா, நாமதான் போகணும்" என்று என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு பைபாஸ் பாலத்துக்கு அடியில் போய் நிறுத்தினாள். நாலைந்து பையன்கள் தூணில் சாய்ந்து கிடந்தார்கள். பதினாறிலிருந்து இருபது வயதுக்குள். இரண்டு பேர் கண்ணைப் பார்த்தால் மாத்திரை போட்டிருப்பது தெரிந்தது. மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத வலி மாத்திரை.

குருவம்மாள் யாரையும் பார்க்கவில்லை. நாலு செங்கல்லை அடுக்கி, போர்டை வைத்து, பவுடர் தூவி, காயை அடுக்கி, தனியாக ஆட ஆரம்பித்துவிட்டாள். எனக்குத் தரையில் உட்கார முடியாது என்பதால் எங்கிருந்தோ ஒரு காலிப் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டாள். அரை மணி நேரம் கழித்து ஒருத்தன் மெல்ல வந்து குனிந்து பார்த்தான். போர்டை அல்ல, என் காலை.

"அக்கா, சேல நல்லாருக்கு. ஷூ போலீஸ் ஷூ."

எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பழுப்பு ஷூவை மாற்ற மறந்துதான் போனேன். குருவம்மாள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

பிப்ரவரி 20, வியாழன்
வலி: 5

செருப்புப் போட்ட பிறகு வருகிறார்கள். ஒன்பது பேர்.

இந்தப் பெண்ணின் முறை எனக்குப் பிடிபடவில்லை. யார் பேரையும் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வாள், இல்லாவிட்டால் ஆட்டத்தைப் பார்த்து அவளே ஒரு பேர் வைத்துவிடுகிறாள். எப்போதும் சிவப்புக் காயையே குறிவைப்பவன் ரெட்டு. ஓரத்துக் காயாகப் பார்த்து அடிப்பவன் ஓரம். ஒரு டப்பா பவுடரை ஒரே ஆட்டத்தில் காலி செய்யும் பெண்பிள்ளை பவுடர். அவள் ஒருத்திதான் பெண், பத்தாவதோடு நின்றவள்.

"பேரு தெரியாம எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"பேரைக் கேட்டாலே ஏதோ கேஸுன்னுதான் நெனைப்பாய்ங்கக்கா. இவய்ங்ககிட்ட இதுவரைக்கும் பேரு கேட்டவங்க யாரு? ஹெட்மாஸ்டரு, அப்பறம் நீங்க."

நீங்க என்றால் போலீஸ். பேர், அப்பா பேர், வயது, விலாசம், அங்க அடையாளம் என்று இருபத்தொரு வருஷம் கேட்டுப் பழகிய வாய் இது. சும்மா இருக்கும்போது அரிக்கிறது.

இன்று என்னையும் ஆடச் சொன்னார்கள். ஸ்டிரைக்கர் நேராகக் குழிக்குள் போய்விட்டது. "ஃபைன், ஃபைன்" என்று கத்தினார்கள். ஸ்டிரைக்கர் விழுந்தால் போட்ட காயில் ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டுமாம். நான் எதையும் போட்டிருக்கவே இல்லை. கடன் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 26, புதன்
வலி: 4

இன்னொன்று கவனித்தேன். தினமும் வருகிறவன் ஒருநாள் வராவிட்டால் அவன் உட்காரும் இடத்தில் வேறு யாரையும் உட்கார விடமாட்டாள் குருவு. "அது ஓரத்தோட எடம், தள்ளு" என்பாள். மறுநாள் அவன் வந்தால் ஏன் வரவில்லை என்று கேட்கவும் மாட்டாள். இடம் மட்டும் இருக்கும்.

நான் கேட்டிருப்பேன். ஒரு அறையும் விட்டிருப்பேன்.

மார்ச் 3, திங்கள்
வலி: 6 (நடந்தது)

ரெட்டு மூன்று நாளாக வரவில்லை. குருவு இரண்டு நாள் இடத்தைக் காலியாக வைத்திருந்துவிட்டு, இன்று பன்னிரண்டு மணி வெயிலில் தேடக் கிளம்பினாள். பெட்ரோல் தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தான். வாந்தி, ஈ, நாற்றம். கண் திறக்கவில்லை. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அது வரும்வரை குருவு அவன் தலையைத் தன் மடியில் சாய்த்து, வாயைத் துடைத்து, தண்ணீர் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. நான்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், அவனை அல்ல, அவனுக்கு விற்றவனை.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் கண் விழித்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இப்போது அறிவுரை ஆரம்பிக்கும் என்று நினைத்தேன்.

"டேய், போர்டுல ஒரு மூலை வலை அந்துபோச்சுடா. நீதான் நல்லா முடிச்சுப் போடுவ. வர்றப்ப நைலான் கயிறு வாங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

அவ்வளவுதான். வெளியே வந்து மரத்தடியில் நின்று அவள் மட்டும் அழுதாள். நான் பார்க்காத மாதிரி நின்றேன். இப்படி ஒரு ஆளை நான் டிபார்ட்மெண்டிலும் பார்த்ததில்லை, வெளியிலும் பார்த்ததில்லை.

மார்ச் 8, சனி
வலி: 4

நைலான் கயிறு வந்துவிட்டது.

மார்ச் 14, வெள்ளி
வலி: 4

என்ன மாயமோ, பிள்ளைகள் என்னிடம் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். பெயிண்ட் டப்பாவில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் இருக்கும். குருவு ஆட்டத்தில் மும்முரமாக இருக்கும்போது ஒவ்வொருத்தராக என் பக்கம் வந்து குந்துகிறார்கள். பவுடரின் பேர் கார்த்தீஸ்வரி. ஓரம், அருள்தாஸ். ரெட்டு, சோணைமுத்து, வயது பதினெட்டு முடிந்து நாலு மாதம். ஐடிஐ முடித்திருக்கிறான். பதினைந்து வயதில் செல்போன் பறித்த கேஸ் ஒன்று, சிறார் கோர்ட்டில் முடிந்துவிட்டது.

அப்பா பேரைக் கேட்டேன். வாய்தவறி வந்துவிட்டது. காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு வெகுநேரம் இருந்தான்.

"யார்ட்டயும் சொன்னதில்ல ஏட்டம்மா. பள்ளிக்கூடத்துல எங்க மாமா பேரத்தான் குடுத்தோம்."

பிறகு சொன்னான். அப்பா பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறார். ஒரு பேரைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வரும் வழியில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். சிவப்பு மையில் கோடு போட்டு, பேர், அப்பா பேர், வயது, விலாசம், அங்க அடையாளம் என்று கட்டம் பிரித்து, பக்கத்தில் தேதிவாரியாக வருகைக்கு டிக். குருவு வைத்த பேரையும் விடவில்லை. "சோணைமுத்து (எ) ரெட்டு." ஸ்டேஷன் வழக்கம், கை தானாக எழுதிவிட்டது. பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது. எந்த வேலையையும் பதிவு இல்லாமல் செய்தால் எனக்குத் தூக்கம் வராது. குருவுக்குக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்
வலி: 3

சோணைமுத்துவுக்கு லிஃப்ட் மெக்கானிக் பயிற்சிக்குக் கடிதம் வந்திருக்கிறது. குருவு ஒன்பது இடத்துக்கு அவனை எழுதிப்போட வைத்திருக்கிறாள், ஒன்பதாவதில் விழுந்தது. மே 5 சான்றிதழ் சரிபார்ப்பு. காவல்துறை நன்னடத்தைச் சான்று கட்டாயம் வேண்டும்.

"அது கெடைக்குமாக்கா? அந்தப் பழைய கேசு..." என்று கேட்டாள் குருவு.

"சின்ன வயசுக் கேசு கணக்குல வராது. புதுசா ஒண்ணும் இல்லாம இருந்தாச் சரி. நான் பாத்துக்கிறேன்."

சோணைமுத்து என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. எல்லோருக்கும் நானே ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி
வலி: 2

கேரம் போட்டி. இரண்டு மணிக்கு ஆரம்பித்து ஏழு மணிக்கு முடிந்தது. பவுடரோடு பன்னிரண்டு பேரும் ஆஜர், ஒருத்தன் எழுந்து போகவில்லை. இறுதி ஆட்டத்தில் சோணைமுத்துவை கார்த்தீஸ்வரி தோற்கடித்தாள். நான் முதல் சுற்றிலேயே அவுட். மூன்று ஃபைன்.

ஏப்ரல் 17, வியாழன்
வலி: 2

ஸ்டேஷனில் சித்திரைத் திருவிழா பந்தோபஸ்து மீட்டிங். மையம் எப்படிப் போகிறது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்து, "வேலைன்னா இதுதான் ஏட்டம்மா. இதுல ஒரு ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போங்க" என்றார். எல்லோர் முன்னாலும் பாராட்டினார். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

வரும்போது இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன்.

ஏப்ரல் 26, சனி
வலி: 7

காலை ஆறரைக்கு கார்த்தீஸ்வரி போன். "ஏட்டம்மா, ரெட்டக் கூட்டிட்டுப் போயிட்டாய்ங்க. ஓரத்தையும். எல்லாரையும். வீடு வீடா வந்து பேரச் சொல்லிக் கூப்புட்டாய்ங்க. என்ன ஏதுன்னு கேளுங்க ஏட்டம்மா."

ஸ்டேஷனுக்குப் போனேன். பதினோரு பேரும் பனியனோடு சுவரோரம் வரிசையாகத் தரையில். என்னைப் பார்த்ததும் சோணைமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவனிடம், "ஏட்டம்மா வந்துட்டாங்கடா" என்றான்.

திருவிழாவுக்கு முன்னால் சந்தேக நபர்களைப் பிடித்து நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குகிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் ஸ்டேஷன் கணக்கில் பேர் ஏறிவிடும். சான்று கிடைக்காது. 30ஆம் தேதி கோட்டாட்சியர் முன்னால் விசாரணை என்று நோட்டீஸ் கொடுத்து மத்தியானம் விட்டார்கள்.

ரைட்டர் மேஜையில் ஏதோ லிஸ்ட் இருந்தது. யார் கொடுத்தார்களோ.

ஏப்ரல் 27, ஞாயிறு
வலி:

மாவு ஆட்டினேன். துணி துவைத்தேன். பரண் சுத்தம் செய்தேன். பரணில் ஏறக் கூடாது என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 28, திங்கள்
வலி: 8

பாலத்துக்கு அடியில் யாரும் இல்லை. குருவு போர்டை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பன்னிரண்டு இடம் காலி. என்னைப் பார்த்ததும் டப்பாவை என் பக்கம் தள்ளிப் போட்டாள்.

மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். பையன்களுக்குக் கொடுத்த நோட்டீஸின் நகல். சத்தமாகப் படித்தாள்.

"சோணைமுத்து, என்கிற, ரெட்டு. அருள்தாஸ், என்கிற, ஓரம்." நிறுத்தினாள். "இந்தப் பேரெல்லாம் இந்தப் போர்டத் தாண்டிப் போனதே இல்லக்கா. ரவுடிப் பட்டம் மாதிரி எழுதியிருக்காய்ங்க."

நான் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நோட்டு எங்கக்கா இருக்கு?"

"வீட்டுல."

"நான் ஒருநா உங்க பையில பாத்தேன். அழகான கையெழுத்துக்கா உங்களுது. வருகைப் பதிவுதானேன்னு விட்டுட்டேன். அன்னைக்கே கேட்டிருக்கணும், என் தப்புதான்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தன் தப்பு என்கிறாள். லிஸ்ட் கொடுத்தது நான். நான்தான். முந்தாநாளே இதை இங்கே எழுதியிருக்க வேண்டும். என் நோட்டில்கூட எனக்குப் பொய்தான் எழுத வந்திருக்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்
வலி: 8

இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன். அவரும் கெட்ட மனுஷர் இல்லை.

"மேலருந்து முப்பது பேரு கேக்குறாங்க ஏட்டம்மா. நான் எங்கிட்டுப் போறது? ஆறு மாசத்துல தானா முடிஞ்சிரும்."

"சோணைமுத்துக்கு அஞ்சாந்தேதி வேலை போயிரும் சார்."

"எனக்கு எதிரா அங்க வந்து பேசுனா நான் ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கும். உங்களுக்குப் புரமோஷன் பக்கத்துல இருக்கு. பாத்துக்கங்க."

வீட்டுக்கு வந்து அந்த லாங் சைஸ் நோட்டை எடுத்தேன். எரித்துவிடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். வீட்டுக்காரர் டிப்போவிலிருந்து வந்து கண்டக்டர் பையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார். "எரிச்சா ஜெராக்ஸ் என்ன, செத்தா போகும்?" என்றார். இந்த மனுஷர் வருஷத்துக்கு ஒருதரம்தான் உருப்படியாகப் பேசுவார், அது இன்றைக்கு.

அடுப்பை அணைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். டிக், டிக், டிக். ஏப்ரல் 11 கட்டத்தில் ஒருத்தரும் விடுபடாமல் எல்லோருக்கும் டிக். நேற்று குருவிடமிருந்து வாங்கி வந்த நோட்டீஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் 11, மாலை ஐந்து மணி, பேருந்து நிறுத்தத்தில் பதினோரு பேரும் கூடிப் பொதுமக்களுக்கு இடைஞ்சல் செய்தார்களாம்.

நோட்டுக்கு அட்டை போட்டேன்.

ஏப்ரல் 30, புதன்
வலி: 9 (முப்பத்திரண்டு படி, லிஃப்ட் வேலை செய்யவில்லை)

காக்கியில்தான் போனேன். கோட்டாட்சியருக்குச் சளி. நிமிஷத்துக்கு ஒரு தும்மல். பதினோரு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார்கள், எல்லாம் குருவின் வேலை.

"இந்தப் பட்டியல் யார் தயாரிச்சது?"

இன்ஸ்பெக்டர் மின்விசிறியைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

"நான்தான் சார். ஆனா அது குற்றப் பட்டியல் இல்ல சார். கேரம் ஆட வர்ற பசங்களோட வருகைப் பதிவு."

பையன்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதுவரை அவர்களுக்குத் தெரியாது. குருவு சொல்லியிருக்கவில்லை.

"ரெட்டுன்னு போட்டிருக்கே?"

"நடுவுல வைக்கிற சிவப்புக் காய் சார். அவன் எப்பவும் அதைத்தான் குறி வைப்பான்."

"ஓரம்?"

"ஓரத்துக் காயா அடிப்பான் சார்."

கோட்டாட்சியர் சிரித்தார், உடனே தும்மினார். நான் மூல நோட்டை மேஜையில் வைத்தேன்.

"பதினோராந்தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாப்ல தகராறுன்னு இருக்கு. அன்னைக்கு ரெண்டுல இருந்து ஏழு வரைக்கும் இந்தப் பதினோரு பேரும் என் கண்ணு முன்னாடிதான் சார் இருந்தாய்ங்க. டிக் இருக்கு பாருங்க. அன்னைக்கு நானும் வெளையாண்டேன்."

"ஜெயிச்சீங்களா?"

"இல்ல சார். ஸ்டிரைக்கர் உள்ள போயிருச்சு."

நோட்டை வெகுநேரம் புரட்டினார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "முகாந்திரம் இல்லைன்னு முடிச்சிரலாமா, இல்ல நான் எழுதவா?" என்றார்.

பதினோரு பேருக்கும் பிணை கிடையாது. பேர் ஏறாது. குருவு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

படி இறங்கும்போது சோணைமுத்து எனக்காக நின்றான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன், வெட்கமில்லாமல்.

"உங்ககிட்ட மட்டுந்தான் ஏட்டம்மா எங்கப்பா பேரச் சொன்னேன்" என்றான். போய்விட்டான்.

மே 3, சனி
வலி: 6

மெமோ வந்துவிட்டது. மையத்தின் வேலை ரத்து. மாவட்டத்தின் அந்தக் கோடியில் ஒரு ஸ்டேஷன், 12ஆம் தேதி சேர வேண்டும். புரமோஷன் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பாலத்துக்குப் போனேன். ஏழு பேர் வந்திருந்தார்கள். யாரும் என்னோடு பேசவில்லை. குருவு டப்பாவைப் போட்டாள், உட்கார்ந்திருந்தேன். இவளுக்கு யார்மேல்தான் கோபம் வரும் என்று தெரியவில்லை. கேட்டேவிட்டேன்.

"வந்துச்சுக்கா. நோட்டீஸ் வந்த அன்னைக்கு ராத்திரி பூரா உங்கள வஞ்சேன். அப்பறம் நோட்டீஸ எடுத்துப் பாத்தேன். எங்க டிரஸ்டு ரிப்போர்ட்டுல நான் இவய்ங்களப் பத்தி எழுதுற எழுத்தும் இப்படித்தான் இருக்கு. ஆபத்துல இருக்கும் இளைஞர், எண்ணிக்கை பன்னெண்டு." தரையில் கிடந்த காயைத் துடைத்து வைத்தாள். "நீங்களாவது பேரு எழுதுனீங்க."

மே 5, திங்கள்
வலி: 4

பதினொன்றே காலுக்கு குருவு போன். பின்னால் பஸ் சத்தம்.

"அக்கா, ரெட்டு விழுந்துருச்சுக்கா."

வெள்ளிக்கிழமை கைக்குக் கிடைத்த நன்னடத்தைச் சான்றை ஏற்றுக்கொண்டார்களாம். ஜூன் இரண்டாம் தேதி பயிற்சியில் சேர வேண்டும். ரசத்துக்கு உப்பு இரண்டுதரம் போட்டுவிட்டேன். இவர் அதையும் குடித்துவிட்டு டியூட்டிக்குப் போனார்.

மே 9, வெள்ளி
வலி: பார்க்கவில்லை

கடைசி நாள். சொல்லிக்கொள்ளத்தான் போனேன். பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். போர்டை வைக்கவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் என் டப்பா. கார்த்தீஸ்வரி கையில் ஒரு புது லாங் சைஸ் நோட்டு, சிவப்புக் கோடு கோணல்மாணலாகப் போட்டிருந்தது.

"உக்காருங்க" என்றாள், ரைட்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "பேரு?"

"என்னடி இது?"

"பேரக் கேட்டா பேரச் சொல்லணும்."

"மங்கையர்க்கரசி."

"வயசு?"

"நாப்பத்தி நாலு."

"வெலாசம்?" சொன்னேன். "அங்க அடையாளம்?"

"வலது முழங்கால்ல ஆபரேஷன் தழும்பு."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதை அவள் கேட்கவில்லை. நோட்டை சோணைமுத்துவிடம் தள்ளினாள்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்பா பேரு?"

குருவு காயைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். என் பேருக்கு முன்னால் இருபத்தொரு வருஷமாக ஓர் எழுத்து மட்டும் நிற்கிறது. அது என்ன என்று டிபார்ட்மெண்டில் யாரும் கேட்டதில்லை, நான் கேட்க விட்டதில்லை. காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

"சிவனாண்டி" என்றேன். "சாராயக் கேசு. நான் ஆறாங்கிளாஸ் படிக்கிறப்ப வீட்டுல வந்து பேரச் சொல்லிக் கூப்புட்டு, கையக் கட்டிக் கூட்டிட்டுப் போனாய்ங்க. தெருவே நின்னு பாத்துச்சு. பள்ளிக்கூடத்துல எங்க அப்பா செத்துட்டாருன்னு சொல்லிட்டேன். அவரு அதுக்கப்பறம் ஒம்பது வருஷம் இருந்தாரு."

பாலத்துக்கு மேலே ஒரு லாரி போய் முடித்தது. சோணைமுத்து குனிந்து மெதுவாக, எழுத்துக் கூட்டி எழுதினான். கேஸைப் பற்றி எழுதவில்லை. பேரை மட்டும்தான்.

"இப்பவும் உங்க மேல கோவம் இருக்கு ஏட்டம்மா" என்றான்.

"இருக்கட்டும்யா."

"என்கிற-ன்னு ஒண்ணு போடணுமே" என்றாள் கார்த்தீஸ்வரி. பன்னிரண்டு பேரும் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். சிரித்தார்கள். எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள்.

மங்கையர்க்கரசி (எ) ஃபைன்.

அழுதுவிட்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

மே 18, ஞாயிறு
வலி: 5

புது ஸ்டேஷனில் வெயில் அதிகம், மனிதர்கள் பரவாயில்லை. பிசியோதெரபி பெண் போனில் கேட்டாள், நோட்டைத் தொடர்ந்து எழுதுகிறீர்களா என்று. எழுதுகிறேன் என்றேன்.

இன்று வார ஓய்வு. யாரிடமும் சொல்லாமல் இரண்டு பஸ் மாறி பாறைக்குளம் போய் இறங்கினேன். நாலு மணி வெயில். தூரத்திலேயே காய் விழும் சத்தம் கேட்டது. ஆட்டம் மும்முரம், யாரும் நான் வருவதைப் பார்க்கவில்லை. புதிதாக ஒரு பையன் வந்திருந்தான், பேர் தெரியாது, உட்கார இடம் தேடிக்கொண்டு பெயிண்ட் டப்பா பக்கம் போனான்.

"டேய், அங்க உக்காராத" என்றான் சோணைமுத்து, போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கு ஆளு இருக்கு."